மதில் யாருடையது?



திருகோணமலையிலே கோணேசர் ஆலயத்துக்குச் செல்வோர் பிரெடெரிக் கோட்டையின் வாயிலைக் கடந்தே செல்லுதல் வேண்டும். அவ்வாயிற் கல்லிலே இரண்டு கயல்மீன்கள் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றோடு பழைய தமிழ் எழுத்துகளும் உண்டு. கயல் பாண்டியர் இலச்சினை. 17ஆம் நூற்றாண்டிலே போர்த்துக்கேயர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கோட்டை கட்டுவதற்குப் பயன்படுத்தினர். பின்னர் ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என ஒருவர்பின் ஒருவராக அக்கோட்டையிலே கொடியேற்றினர். கொடிகள் யாவும் இறங்கின. கயல்கள் இன்னும் அங்கேயே இருக்கின்றன.

பொது இடத்திலே பொறிக்கப்படும் உருவம் கண்ணுக்கு அழகு தருவதோடு நின்றுவிடுவதில்லை. ‘இவ்விடம் இன்னாருடையது’ என்று அது வாய் திறவாமலே சொல்லிக்கொண்டிருக்கும். ஆதலின் ஊர்ச் சுவரிலே ஓவியம் எழுத முற்படுவோர், எதை எழுதுவது என்பதற்கு முன்னே, யாரைக் கேட்டு எழுதுவது என்னும் வினாவுக்கு விடை காணல் வேண்டும். இவ்வினாவை ஒரு நூற்றாண்டாக ஆராய்ந்து, இடறி விழுந்தும் எழுந்தும் பாடம் படித்த நாடு மெக்சிக்கோ.

1910ஆம் ஆண்டிலே அங்கே பெரும் புரட்சி மூண்டது. பத்தாண்டுப் போர் ஓய்ந்தபோது, மக்களிற் பெரும்பாலோர் எழுத்தறியாதவராயிருந்தனர். 1921இலே கல்வி அமைச்சர் பதவியேற்ற ஹொசே வஸ்கொன்செலோஸ், அரசாங்கக் கட்டடங்களின் சுவர்களை ஓவியருக்குத் திறந்துவிட்டார். நூல் படிக்க இயலாதவனும் சுவரைப் படிக்கலாம் என்பது அக்காலத்தவர் நம்பிக்கை. டியேகோ றிவேரா என்னும் ஓவியர் 1923 முதல் 1928 வரை கல்வி அமைச்சின் இரு முற்றங்களைச் சுற்றி, மூன்று மாடிகளிலும் நூற்றுக்கு மேற்பட்ட ஓவியங்களை எழுதினார். நெசவாளரும் சாயத் தொழிலாளரும் குயவரும் சுரங்கத் தொழிலாளரும், ஊர்த் திருவிழாக்களும் அச்சுவர்களிலே இடம்பெற்றன. அதுவரை அரண்மனைச் சுவரிலே அரசரையும் ஆலயச் சுவரிலே தேவரையுமே கண்ட பாமரர், அங்கே தம்மையே கண்டனர்.

அவ்வோவியங்களை எழுதிய முறையும் அறியத்தக்கது. ஈரம் உலராத சுண்ணாம்புச் சாந்தின்மீது, நீரிலே குழைத்த வர்ணம் தீட்டப்படும். சாந்து இறுகும்போது வர்ணமும் அதனோடு ஒன்றி இறுகிவிடும். ஒரு நாளில் எழுதி முடிக்கக்கூடிய அளவுக்கே சாந்து பூசப்படும். ஆகவே ஒவ்வொரு நாளும் ஓவியருக்கு முன்னே மேசன் வேலைக்கு வந்தாக வேண்டும். தொழிலாளியைப் படமாக எழுதிய கலை, தொழிலாளியின் கையின்றி நடைபெறாத கலையுமாயிற்று.

எனினும் எல்லாச் சுவர்களும் வாழ்த்துப் பெறவில்லை. தலைநகரின் பெரிய பாடசாலை ஒன்றிலே ஒறொஸ்கோ, சிக்கெய்றோஸ் என்னும் ஓவியர் இருவர் எழுதிய படங்களை, 1924இலே அப்பாடசாலை மாணவரே சிதைத்தனர். ஓவியர் மக்களுக்காகவே எழுதினர். ஆனால் நாள்தோறும் அச்சுவரின் முன்னே நடமாடும் மாணவரோ, ‘இது நம்முடையது’ என்று அதனை ஏற்கவில்லை. இதற்கு மறுதலையான நிகழ்ச்சியும் உண்டு. 1933இலே நியூயோர்க் நகரின் றொக்கபெல்லர் கட்டடத்திலே றிவேரா எழுதிய ஓவியத்தில் லெனினின் முகம் இருந்தது. அதனை நீக்குமாறு கேட்டபோது அவர் மறுத்தார். 1934இலே அவ்வோவியம் இடித்துத் தகர்க்கப்பட்டது. ஒரு சுவரை அதன் முன்னே வாழ்வோர் வெறுத்தனர். மற்றொன்றை அதன் உரிமையாளர் பொறுத்திலர். இரண்டும் ஊறுபட்ட வகை வேறாயினும், ஒப்புதல் பெறாத சுவர் இடருக்கு உள்ளாகும் என்பதை இரண்டுமே காட்டுகின்றன.

இப்பாடத்தைப் பின்வந்தோர் மறக்கவில்லை. 1937இலே மெக்சிக்கோவிலே ‘மக்கள் அச்சுக்கலைப் பட்டறை’ என்னும் அமைப்புத் தோன்றியது. மரத்திலும் லினோலியத்திலும் செதுக்கி, மலிவான தாளிலே படங்களை அச்சிட்டு, அதன் கலைஞர் ஊரெங்கும் பரப்பினர். ஒருவர் வரைந்ததை ஏனையோர் கூடியிருந்து குறைநிறை சொல்லித் திருத்துவது அங்கே வழக்கம். 2015இலே பச்சுக்கா நகரத்துப் பல்மித்தாஸ் குன்றிலே, ‘ஹெர்மென்’ என்னும் ஓவியர் குழு 209 வீடுகளின் சுவர்களை ஒரே ஓவியமாக இணைத்தது. தொலைவிலிருந்து நோக்குவோர்க்குக் குன்று முழுதும் ஒரு வானவில் சுழன்று எழுவதுபோலத் தோன்றும். அங்கு வாழும் குடும்பங்களும் இம்முயற்சியிலே கைகோத்தன.

தமிழ் நிலத்திலும் இத்தகைய முயற்சி உண்டு. சென்னை மாநகரின் நீர்நிலை ஓரங்களிலிருந்தும் குடிசைகளிலிருந்தும் பெயர்க்கப்பட்டோர் வாழும் கண்ணகி நகரிலே, 2020இலே அடுக்குமாடிச் சுவர்களில் பேரோவியங்கள் எழுதப்பட்டன. நகரம் ஏளனமாய்ப் பேசிய பெயரைப் பிறர் தேடிவந்து பார்க்கும் பெயராக அவை மாற்றின. ஆயினும் வர்ணம் குழாய்நீர் ஆகாது. தொலைவில் உள்ள வேலைத்தலத்தை அருகே கொண்டுவாராது. அவ்வெல்லையையும் மனத்திற் கொள்ளல் வேண்டும்.

இனித் திருகோணமலைக்கு மீள்வோம். இத்துறைமுகப் பட்டினத்திலே தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் வாழ்கின்றனர். தேர்த்திருவிழாவிலே வீதிதோறும் கோலமும் நிறைகுடமும் பொலியும். வெசாக் காலத்திலே புத்தரின் முற்பிறப்புக் கதைகளைப் படம்படமாகக் காட்டும் தோரணங்கள் ஒளிரும். இவை யாவும் அவ்வச் சமூகத்தார் கூடிப் பொருள் சேர்த்துச் செய்யும் பொதுக் கலைகளே. ஆனால் பஸ் நிலையச் சுவரும், கடற்கரை மதிலும் எவர் ஒருவர்க்கும் தனியுரிமை உடையன அல்ல. அங்கே என்ன எழுதுவது?

2019ஆம் ஆண்டின் இறுதியிலே இலங்கையின் பல நகரங்களில் இளைஞர் தாமாகவே தூரிகை ஏந்தி மதில்களை வர்ணமயமாக்கினர். அவர்தம் உழைப்பைப் பலர் பாராட்டினர். ஆனால் பழைய மன்னரும் போர்வீரருமே பல சுவர்களை நிறைத்தபோது, ‘எங்கள் கதை எங்கே?’ என்ற குரலும் எழுந்தது. அக்குரல் நியாயமானது. ஒருவருக்கு வீரம் எனத் தோன்றுவது, அடுத்த வீட்டாருக்கு ஆறாத புண்ணாய் இருத்தல் கூடும்.

எல்லாரையும் கேட்டால் யாருக்கும் நோகாத பூவும் புறாவுமே மிஞ்சும் எனச் சிலர் வாதிப்பர். உண்மையிலே ஊராரைக் கேட்டவர் அறிவர்: மக்கள் புறாவைக் கேட்பதில்லை. கரைவலை இழுக்கும் தந்தையின் தோளைச் சொல்வர். பட்டினத் தெருவிலே அச்சமின்றித் திரியும் மான்களைச் சொல்வர். கன்னியாவின் வெந்நீர்க் கிணறுகளைச் சொல்வர். 2004இலே கடல் கொண்ட பிள்ளைகளைச் சொல்வர். போரிலே காணாமற் போன மகனின் முகத்தை எழுதித் தருமாறு ஒரு தாய் இரந்து நிற்கவும் கூடும். அவ்வேளையிலே கேட்டவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளல் தகாது.

தமிழிலே கேட்டல் என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு: வினாவுதல் ஒன்று, செவிகொடுத்தல் மற்றொன்று. பொதுச் சுவரிலே ஓவியம் எழுதுவோர் இவ்விரண்டையும் ஒருசேரச் செய்தல் வேண்டும். ஒரு பாடசாலை மதிலிலே இதனைத் தொடங்கலாம். மூன்று சமூகத்துப் பிள்ளைகளும் தத்தம் வீட்டு முதியோரிடம் ஒவ்வொரு கதை கேட்டு வரட்டும். அக்கதைகளை ஒருவர்க்கொருவர் சொல்லட்டும். அதன்பின் சாந்து குழைக்கட்டும். அவ்வாறு எழுந்த மதிலுக்குக் காவல் வேண்டியதில்லை. அதன் முன்னே வாழ்வோரே அதற்குக் காவலாவர்.