கணக்கில் சேராத காய்ச்சல்



1998 செப்டம்பரில் ஈப்போ வட்டாரப் பன்றிப் பண்ணைத் தொழிலாளர்கள் கடும் காய்ச்சலில் விழுந்தனர். ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்று கருதி, கொசு மருந்து அடிக்கப்பட்டது, தடுப்பூசியும் போடப்பட்டது. ஆனாலும் நோய் நெகிரி செம்பிலான் வரை பரவியது.

ஜப்பானிய மூளைக் காய்ச்சல் பெரும்பாலும் சிறுவர்களைத் தாக்கும். இங்கே விழுந்தவர்களோ பெரியவர்கள். அதிலும் பன்றிகளோடு பழகியவர்கள். தடுப்பூசி போட்டவர்களும் தப்பவில்லை. கொசுதான் காரணம் என்றால், பன்றியைத் தொடாத அண்டை வீட்டார் தப்பியது எப்படி?

1999 மார்ச்சில், மலாயாப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் சுவா காவ் பிங் ஒரு நோயாளியின் முதுகுத்தண்டு நீரிலிருந்து புதிய கிருமியைப் பிரித்தெடுத்தார். சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரால் அது ‘நிப்பா’ ஆனது. அதற்குப் பிறகே கவனம் கொசுவை விட்டுப் பன்றிகள் பக்கம் திரும்பியது. 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டு நோய் அடங்கியது. அதற்குள் மலேசியாவில் 105 உயிர்கள் போய்விட்டன.

2018 மே மாதம் கேரளாவின் கோழிக்கோட்டில் ஒரே குடும்பத்தில் அடுத்தடுத்துக் காய்ச்சல் வந்தது. இரண்டாமவரைப் பார்த்த மருத்துவர்கள் உடனே நிப்பாவைச் சந்தேகித்தனர். பரிசோதனையும் அதை உறுதி செய்தது. நோயாளிகளோடு பழகியவர்களைத் தேடிக் கண்காணித்ததால் பரவல் சில வாரங்களில் நின்றது.

நிப்பாவுக்கு அங்கீகரிக்கப்பட்ட தடுப்பூசியோ தனி மருந்தோ இன்னும் இல்லை. முன்கூட்டியே கண்டுகொள்வதுதான் இப்போதைக்குக் காப்பு. ஆகவே, கிளினிக்கில் காய்ச்சல் என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். என்ன வேலை, எந்தப் பிராணியோடு பழக்கம், வீட்டில் வேறு யாருக்குக் காய்ச்சல் என்பதையும் சொல்லுங்கள். மருத்துவருக்கு அதுவே முதல் தடயம்.