இருமல் மருந்தும் சளிச் சோதனையும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



விழா மேடையில் நோயைப் பற்றிப் பேசுவது சிலருக்கு உவப்பளிக்காது என்பதை அறிவோம். எனினும், பிழைப்பு நாடிப் பெங்களூர் வந்த நமக்கு உடல்நலமே முதல் உடைமை. ஆகவே, இவ்வூரார் செய்த ஓர் ஆராய்ச்சியைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகின்றோம்.

பெல்லாரி சாலையில் தேசியக் காசநோய் நிலையம் இருக்கின்றது. 1959-இல் நிறுவப்பெற்ற அதனை, 1960-இல் பிரதமர் நேரு திறந்துவைத்தார். கிராமத்தார் அறியாமை மிக்கவர், நோயை உணர்ந்து தாமாக வரமாட்டார் என்று கற்றோர் பலர் அந்நாளில் கருதினர். இக்கருத்து மெய்தானா என்று அறிய, அந்நிலையத்தின் டாக்டர் பானர்ஜியும் உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த ஆண்டர்சனும் அண்டை மாவட்டமான தும்கூரில் காசநோயாளரைக் கண்டு வினவச் செய்தனர்.

1963-இல் வெளிவந்த முடிவு பலரைத் திகைக்க வைத்தது. நோயாளரிற் பெரும்பாலோர் தம் உடலின் குறிகளை நன்கு உணர்ந்திருந்தனர். பாதிப்பேர் தாமாகவே மருத்துவமனைப் படியேறியும் இருந்தனர்! அங்கே அவர்கட்குக் கிடைத்தது யாது? ஒரு புட்டி இருமல் மருந்து. சளியைச் சோதித்துப் பார்ப்பார் இல்லை. குறை நோயாளியிடம் இல்லை. அவன் வந்து நின்ற இடத்தில் சோதனை இல்லாமையே குறை.

அச்சோதனைதான் அரிதா? சளியைக் கண்ணாடித் துண்டில் தடவி, சிவப்புச் சாயம் ஏற்றி, அமிலத்தாற் கழுவுவர். மற்றவை நிறமிழக்கும், காசக் கிருமியோ நிறத்தை விடாது. பின்னர் நீலச் சாயம் ஊட்டி நுண்ணோக்கியில் நோக்கினால், நீலத்தினிடையே சிவந்த சிறு கோல்களாய்த் தோன்றும். இதற்கு மாளிகை வேண்டா. ஒரு நுண்ணோக்கியும், பயின்ற ஒருவரும் போதும். 1962-இல் தொடங்கிய தேசியக் காசநோய்த் திட்டம் பொது மருத்துவ நிலையங்களிலேயே இச்சோதனையை நடத்த வகை செய்தது.

வீட்டிலிருந்தே மருந்துண்டு இந்நோய் தீரலாம் என்பதைச் சென்னை ஆராய்ச்சி நிலையம் 1959-இல் மெய்ப்பித்திருந்தது. ஆனால் இன்ன நோய் என்று அறியாதார்க்கு அம்மருந்தால் என்ன பயன்?

இன்று காலம் மாறியுள்ளது. இன்றியமையாச் சோதனைகளின் பட்டியலை உலக சுகாதார நிறுவனம் 2018-இலும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2019-இலும் வெளியிட்டன. இப்பெங்களூர் அறிஞர்களின் உழைப்பில் உருவான ‘ட்ரூநாட்’ என்னும் சிறு கருவி, சில மணி நேரத்திலேயே காசக் கிருமியைக் காட்டிவிடும். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் அதனை ஏற்றது.

பட்டியல் வந்தது, கருவியும் வந்தது. ஆயினும், கட்டட வேலைக்கு வந்த நம் ஊர்த் தொழிலாளி சோதனைக்கு ஒரு நாள் சென்றால் அன்றைய கூலி போயிற்று. முடிவை அறிய மறுநாளும் போகவேண்டுமெனில், அவன் கடையில் இருமல் மருந்து வாங்கிக்கொண்டு வேலைக்குத் திரும்புவான். கன்னடம் அறியாதானுக்கோ எந்த வரிசையில் நிற்பது என்பதே புதிர். தும்கூரில் அன்று கண்ட குறை, நம் தெருவில் இன்று வேறு வடிவில் நிற்கின்றது.

ஆதலின் ஒன்று வேண்டுகின்றோம். இரண்டு வாரம் தொடர்ந்து இருமுபவர் எவராயினும், அரசு மருத்துவமனையில் சளிச் சோதனையைக் கேட்டுப் பெறுக. அதற்குக் கட்டணம் இல்லை. கன்னடம் அறிந்த நம் இளைஞர்கள், அறியாதாருக்குத் துணையாக ஒரு காலைப்பொழுதை ஈந்திடுக. தமிழ் வளர்க்கக் கூடிய சங்கம், தமிழர் உயிரையும் காக்கட்டும்.