புல்மோட்டை மணலும் தோக்கியோப் பல்கலைக்கழகமும்

(திருகோணமலையில் உழவர்களும் அலுவலர்களும் கூடிய அவையில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)

திருகோணமலை என்றதும் உலகம் துறைமுகத்தை நினைக்கிறது. போர்த்துக்கீசர் வந்தனர், ஒல்லாந்தர் வந்தனர், பிரெஞ்சுக்காரர் வந்தனர், ஆங்கிலேயர் வந்தனர். வந்தவர் அனைவரும் இத்துறைமுகத்தின் ஆழத்தை அளந்தனர். இங்கு வாழும் மக்களின் அறிவின் ஆழத்தை அளந்து பார்க்க எவரும் வரவில்லை.

1942 ஏப்ரல் 9 ஆம் நாள் காலையில் யப்பானியரும் வந்தனர். வான் வழியே வந்தனர். துறைமுகத்தில் குண்டுகள் விழுந்தன. எண்ணெய்த் தாங்கி எரிந்தது. ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கியது. மூன்று ஆண்டுகள் சென்றன. குண்டு போட்ட நாடே குண்டுகளால் சாம்பலாகிக் கிடந்தது. ஆனால் ஒரு தலைமுறைக்குள் அந்நாடு மீண்டும் எழுந்து நின்றது. எப்படி எழுந்தது? அங்கே எண்ணெய் ஊற்றுக்கள் பெருகி ஓடுகின்றனவா? இரும்பு மலை மலையாய்க் குவிந்து கிடக்கிறதா? இல்லை. குண்டு எரிக்க முடியாத செல்வம் ஒன்று அந்நாட்டில் எஞ்சியிருந்தது. அச்செல்வம் பல்கலைக்கழகங்களிலே வளர்ந்த அறிவு. அவற்றுள் மூத்த ஒன்றைப் பற்றியும், அதற்கும் நமது மாவட்டத்து மணலுக்கும் உள்ள தொடர்பைப் பற்றியுமே இன்று பேச எண்ணுகிறோம்.

தோக்கியோப் பல்கலைக்கழகம் 1877 இல் நிறுவப்பட்டது. இன்று அங்கே 10 பீடங்களும் 11 ஆராய்ச்சி நிலையங்களும் உள்ளன. ஏறத்தாழ 28,000 மாணவர் பயில்கின்றனர். இந்த எண்ணிக்கையைக் கேட்டு வியக்க வேண்டியதில்லை. வியக்க வேண்டியது வேறொன்று. அம்மாணவருள் பாதியளவினர் முதற் பட்டத்தை முடித்தபின் மேலும் ஆராய்வதற்காகத் தங்கியிருப்பவர்கள். நம்மிடம் பட்டம் படிப்பின் முடிவு. அங்கே பட்டம் ஆராய்ச்சியின் வாசல். பெருநிலநடுக்கம் 1923 இல் தோக்கியோவை அழித்தது. இரண்டே ஆண்டுகளில், 1925 இல், அப்பல்கலைக்கழகத்தில் நிலநடுக்க ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. துன்பம் வந்தால் அழுவது மனித இயல்பு. அழுதபின் ஆராய்வது வளரும் சமுதாயத்தின் இயல்பு.

தவிட்டிலே கிடைத்த செல்வம்

உழவர் பெருமக்களே! உங்களுக்கு நன்கு தெரிந்த பொருளிலிருந்து தொடங்குவோம். நெல்லைக் குற்றினால் அரிசி வருகிறது. தவிடு மாட்டுக்குப் போகிறது. அந்தத் தவிட்டை ஒருவர் ஆராய்ந்தார். அவர் பெயர் உமேத்தாரோ சுசுக்கி. தோக்கியோப் பல்கலைக்கழகத்தின் விவசாயக் கல்லூரிப் பேராசிரியர். அக்காலத்து யப்பானில் தீட்டிய வெள்ளை அரிசியை உண்டோர் பெரிபெரி என்னும் நோயால் கால் வீங்கி, இதயம் தளர்ந்து மடிந்தனர். அந்நோயைத் தடுக்கும் பொருள் தவிட்டிலே இருக்கிறது என்று 1910 இல் சுசுக்கி காட்டினார். இன்று அதனை உயிர்ச்சத்து பி1 என்கிறோம்.

ஆனால் பெருமை முழுவதும் அவருக்குக் கிட்டவில்லை. அவர் தமது கட்டுரையைத் தம் தாய்மொழியில் எழுதினார். அது ஜெர்மன் மொழிக்குப் பெயர்க்கப்பட்டபோது, இது புதியதோர் உணவுச் சத்து என்ற முதன்மையான செய்தி விடுபட்டுப் போயிற்று. உலகம் வேறு பெயர்களைப் பேசியது. இதைக் கண்டு யப்பானியர் தாய்மொழியைக் கைவிட்டனரா? இல்லை. தம் மொழியிலும் எழுதினர். உலகம் படிக்கும் மொழியிலும் எழுதினர். தாய்மொழியிற் சிந்திப்பது தடையன்று. சிந்தித்ததை உலகுக்குச் சொல்லாமல் விடுவதே தடை.

இங்கே இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். நம் தாய்மார் நெல்லை ஊறவைத்து, அவித்து, உலர்த்திக் குற்றினர். புழுங்கலரிசி பிறந்தது. அவிக்கும்போது தவிட்டின் சத்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. அதனாற்றான் புழுங்கலரிசி உண்ட மக்களைப் பெரிபெரி அவ்வளவாக வாட்டவில்லை. நம்மிடம் வழக்கம் இருந்தது. காரணம் தேடும் கூடம் இல்லை. தோக்கியோவில் அக்கூடம் இருந்தது. வழக்கம் வீட்டைக் காத்தது. காரணம் உலகைக் காத்தது.

கறுப்பு மணல்

இப்போது நமது மண்ணுக்கு வருவோம். நிலாவெளியைக் கடந்து, குச்சவெளியைக் கடந்து வடக்கே சென்றால் புல்மோட்டை. அங்கே கடற்கரை மணல் கறுத்துக் கிடக்கும். அந்தக் கறுப்பு அழுக்கன்று, செல்வம். இல்மனைற், ரூற்றைல், சேர்க்கோன் என்னும் கனிமங்கள் அங்கே செறிந்து கிடக்கின்றன. வடகீழ்ப் பருவக்காற்று வீசுந்தோறும் கடல் தானே புதிய மணலைக் கொணர்ந்து கொட்டுகிறது. காந்தத்தால் இழுத்தால் இல்மனைற் பிரியும். மின்னேற்றத்தால் பிரித்தால் ரூற்றைலும் சேர்க்கோனும் தனித்தனியாகும்.

1957 இல் இதற்கெனக் கனிப்பொருள் மணற் கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டது. 1992 இல் அது கம்பனியாயிற்று. இந்த மணலை வாங்கிய நாடுகளில் யப்பானும் ஒன்று. போரின் கொடுமையையும் அக்கரை கண்டது. 1997 செப்டம்பரில் அங்கே மணல் ஏற்ற வந்த கப்பல் தாக்கப்பட்டது. இத்தனைக்கும் பிறகு, இத்தனை ஆண்டுகளில், நாம் செய்தது என்ன? கழுவினோம், பிரித்தோம், ஏற்றினோம். அவ்வளவுதான்.

ஏற்றிய மணல் எங்கே போகிறது? இல்மனைற்றிலே இரும்பும் தைத்தேனியமும் கலந்திருக்கின்றன. இரும்பை நீக்கினால் தைத்தேனியம் ஈரொட்சைட்டு என்னும் வெண்பொடி கிடைக்கும். சுவருக்குப் பூசும் வர்ணத்தின் வெண்மை அது. காகிதத்தின் வெண்மை அது. பற்பசையின் வெண்மையும் பெரும்பாலும் அதுவே. கறுப்பாய்ப் போன பொருள் வெள்ளையாய்த் திரும்பி வருகிறது. திரும்பும்போது விலை பன்மடங்காகிறது. அந்த விலை மணலுக்கன்று, மதிக்கு!

நீருக்குள் எழுந்த குமிழி

துறைமுகத்தில் குண்டு விழுந்த அதே 1942 இல் யப்பானில் ஒரு குழந்தை பிறந்தது. அக்கிரா புஜிசிமா என்பது அதன் பெயர். 1967 இல் அவர் தோக்கியோப் பல்கலைக்கழகத்தில், கெனிச்சி ஹொண்டா என்னும் ஆசிரியரின் கீழ் ஆராய்ச்சி மாணவர். செயற்கையாய் வளர்த்த ரூற்றைல் பளிங்கு ஒன்றை நீரில் வைத்து, பிளாற்றினத்தோடு கம்பியால் இணைத்து, அதன்மேல் ஒளியைப் பாய்ச்சினார். பளிங்கிலிருந்து குமிழிகள் எழுந்தன. அது ஒட்சிசன். மறுபுறம் பிளாற்றினத்திலே ஐதரசன். ஒளி பட்டதும் நீர் இரண்டாய்ப் பிரிந்தது, பளிங்கோ தேயவில்லை.

அந்தப் பளிங்கு புல்மோட்டையிலிருந்து சென்றது என்று நாம் கூறவில்லை. பொருள் ஒன்று என்றே கூறுகிறோம். நமது கரையில் அலை புரட்டும் அதே ரூற்றைல், அங்கே ஒரு மாணவனின் கண்முன் உலகுக்குப் புதியதொரு வழியைத் திறந்தது.

முதலில் நம்ப மறுத்தோர் பலர். 1972 இல் நேச்சர் என்னும் அறிவியல் இதழில் கட்டுரை வெளிவந்தது. அடுத்த ஆண்டே எண்ணெய் நெருக்கடி. ஒளியால் எரிபொருள் ஆக்கலாமா என்று உலகம் அக்கட்டுரையைத் தேடிப் படித்தது. ஆனால் அவ்வெண்பொடி ஞாயிற்றொளியில் நூற்றுக்கு நாலைந்து பங்கேயான ஊதா கடந்த ஒளியை மாத்திரமே பயன்படுத்தும். ஆகவே ஐதரசன் போதிய அளவு கிட்டவில்லை. தோல்வி என்று கூடத்தைப் பூட்டினரா? இல்லை. எரிபொருளுக்குச் சிறிதான அவ்வாற்றல் அழுக்கையும் கிருமியையும் சிதைக்கப் போதும் என்று கண்டனர். 1990 களில் தாமே தூய்மையாகும் ஓடுகளும் கண்ணாடிகளும் பிறந்தன. ஒளி பட்டால் அப்பரப்பில் நீர் துளியாய் நில்லாது படலமாய்ப் பரவும் விந்தையை 1997 இல் அறிவித்தனர். குமிழியிலிருந்து அவ்வறிவிப்பு வரை முப்பது ஆண்டுகள்! முப்பது ஆண்டுகள் பொறுத்திருக்கும் கூடமே பல்கலைக்கழகம்.

நம்மால் முடியாதா?

யப்பான் பெரிய நாடு, நாம் சிறியவர் என்பார் உளர். அவர்களுக்கு நமது பதில் இது. பத்தலகொட ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1958 இல் வெளிவந்த எச்-4 நெல்லை நம் முன்னோர் விதைத்தனர். முருங்கைக்காயன் என்னும் நாட்டு நெல்லும் மாஸ் என்னும் இந்தோனேசிய நெல்லும் கலந்து பிறந்தது அது. விளைச்சல் உயர்ந்தது. அது இந்நாட்டவர் ஆராய்ச்சி. கண்டியில் உள்ள அடிப்படைக் கற்கைகள் நிறுவனத்தில் பேராசிரியர் கீர்த்தி தென்னக்கோன் இதே வெண்பொடியைக் கொண்டு சூரியக் கலங்களை ஆராய்ந்து உலகோர் மதிப்பைப் பெற்றார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் புண்ணியமூர்த்தி ரவிராஜன் அத்துறையிலேயே உழைத்து வருகிறார். மூளைக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் வேறிடத்தில். நூறு ரூபா தேசிய வருமானத்தில் யப்பான் ஆராய்ச்சிக்குச் செலவிடுவது மூன்று ரூபாவுக்கு மேல். இலங்கை செலவிடுவது பத்துப் பன்னிரண்டு சதம்! சதத்தை விதைத்துவிட்டு ரூபாவை அறுக்க எண்ணுவது எந்த ஊர் வேளாண்மை?

ஆராயாது முடிவெடுத்தால் என்ன நேரும் என்பதையும் நீங்கள் அறிவீர்கள். 2021 இல் இரசாயன உரத்தின் இறக்குமதி திடீரெனத் தடுக்கப்பட்டது. தம்பலகாமத்திலும் கந்தளாயிலும் மூதூரிலும் கிண்ணியாவிலும் வயலில் இறங்கி நின்றவனைக் கேட்டவர் யார்? மண்ணைச் சோதித்துக் காட்டியவர் யார்? ஆண்டு முடியுமுன் தடை நீங்கியது. ஆனால் அந்தப் பெரும்போகத்தின் நட்டம் உழவன் தலையில் நின்றுவிட்டது.

கோணேசபுரியில் நாம் கேட்பது

தமிழ்ப் பல்கலைக்கழகம் ஒன்று திருகோணமலையில் எழவேண்டும் என்ற குரல் 1950 களிலும் 60 களிலும் ஒலித்தது. இன்று நிலாவெளிச் சாலையிலே கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் நிற்கிறது. 2001 முதல் வளாகமாய் வளர்ந்துவரும் அதில் பிரயோக விஞ்ஞானமும் வணிகமும் தொடர்பாடலும் சித்த மருத்துவமும் கற்பிக்கப்படுகின்றன. அந்தப் பக்கமாகத்தான் புல்மோட்டைச் சாலை வடக்கே ஓடுகிறது. மணல் ஒரு முனையில், மாணவர் மறுமுனையில். இரண்டையும் இணைக்கும் கூடத்தையே நாம் கேட்கிறோம்.

முதலாவது, புல்மோட்டை மணல் வருவாயில் ஒரு பங்கு இம்மாவட்டத்து ஆராய்ச்சிக்கெனச் சட்டப்படி ஒதுக்கப்பட வேண்டும். இரண்டாவது, அப்பணத்தில் மணலை மட்டுமல்ல, மணல் அள்ளுவதால் கரைக்கும் மீனவர்க்கும் நேர்வதையும் ஆராய வேண்டும். இல்மனைற்றிலிருந்து இரும்பைப் பிரிக்கும் தொழில் அமிலக் கழிவைத் தருவது. அதை அறியாது ஆலை கட்டுவது அறிவுடைமையன்று. மூன்றாவது, மகாவலி கொட்டியாரக்குடாவிற் கலக்கும் இடத்து உவர்நிலத்தையும் நம் நெல்லையும் ஆராய உழவரையே துணைகொள்ள வேண்டும். நான்காவது, ஆய்வு முடிவு ஒவ்வொன்றும் உலகோர்க்கு ஆங்கிலத்திலும் ஊரார்க்குத் தமிழிலும் சிங்களத்திலும் வெளிவர வேண்டும்.

மருத்துவர்களே, பொறியியலாளர்களே, ஆசிரியர்களே! இக்கோரிக்கையை எழுத்தில் வடித்துக் கொடுப்பது உங்கள் கடமை. உழவர்களே! வாக்குக் கேட்டு வருவோரிடம் வீதியும் வாய்க்காலும் கேட்பதோடு, "ஆராய்ச்சிக்கு எவ்வளவு ஒதுக்குவாய்?" என்றும் கேளுங்கள். உங்கள் பிள்ளை பட்டம் பெற்று வந்தால் உத்தியோகம் எங்கே என்று வினவுமுன், எதை ஆராயப் போகிறாய் என்று ஒருமுறை வினவுங்கள்.

அடுத்த பருவக்காற்றும் மணலைக் கொணர்ந்து கொட்டும். கடல் தன் கடனைத் தவறாது செய்யும். அந்த மணல் மூட்டையாய்ப் போவதா, அறிவாய் விளைவதா என்பதை நாமே தீர்மானிப்போம்.