சிரிப்பு யார்மீது விழுகிறது?

(தர்மபுரி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் பேசியதன் சாரம்)



ஹாஸ்யத்தைப் பற்றிப் பேசும்படி இன்று நமக்குக் கட்டளையாகியிருக்கிறது. உங்களைச் சிரிக்க வைக்க வந்திருப்பதாக எண்ணி ஏமாந்து போகாதீர்கள். நாம் சிரிக்கிறபோது அந்தச் சிரிப்பு யார் தலையில் போய் விழுகிறது என்று யோசிக்கவே வந்திருக்கிறோம்.

நம் பக்கத்துத் தெருக்கூத்திலே கட்டியங்காரன் உண்டல்லவா? இராஜாவையே கேலி செய்ய அவனுக்கு உரிமையுண்டு. ஆனால் நாம் சிறுபிள்ளையாயிருந்தபோது பார்த்த கூத்தொன்றில் அவன் இராஜாவை விட்டுவிட்டான். சேரி மக்கள் கைகட்டி, குனிந்து, குழறிப் பேசுவதாக நடித்துக் காட்டினான். ஊரே சிரித்தது, நாமும் சிரித்தோம். ஒதுக்குப்புறமாய் நின்றிருந்த சேரிப் பெரியவர் ஒருவரும் சிரித்தார். சிரிக்காமலிருந்தால், "இவனுக்கு வந்த ரோஷத்தைப் பார்" என்று மறுநாள் கேட்பார்களே! இது நமக்கு விளங்க இருபது வருஷமாயிற்று.

இது நம் நாட்டு வியாதி மாத்திரமா? அமெரிக்காவிலே பெர்ட் வில்லியம்ஸ் என்றொரு கறுப்பர் இருந்தார். 1874இல் பஹாமாஸ் தீவில் பிறந்தவர். ஆட்டமும் பாட்டும் வேடிக்கையுமாக நடக்கும் பலவகைக் காட்சி மேடைகளில் பேரெடுத்தவர். அவருடைய நிறமோ மாநிறம். அது போதாதென்று, எரித்த தக்கையின் கரியை முகத்தில் அப்பிக்கொண்டுதான் மேடையேறினார். வெள்ளையர் மனதிலிருந்த 'கறுப்பன்' அப்படியல்லவா இருந்தான்! 1903இல் அவர் குழு இலண்டன் அரண்மனையிலேயே நடித்தது. 1913இல் அவரை வைத்து எடுத்த பேசாப் படமொன்றில் கறுப்புக் காதலர் இருவர் மனிதராகவே காட்டப்பட்டனர். அந்தப் படம் முடிக்கப்படாமல் கிடந்து, 2014இல்தான் நியூயார்க் அருங்காட்சியகமொன்றில் வெளிச்சம் கண்டது. 1922இல் டெட்ராய்ட் நகர மேடையில் அவர் சுருண்டு விழுந்தபோது, அதுவும் வேடிக்கையென்றே ஜனங்கள் சிரித்தார்களாம். அடுத்த மாதம் செத்தார். அவரை நாம் குறை சொல்லவில்லை. கரி பூசினால்தான் சோறு என்று வைத்தவர்களைத்தான் கேட்கிறோம்.

இனி நம் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனுக்கு வருவோம். நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908இல் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். வில்லுப்பாட்டிலும் நாடகக் கம்பெனியிலும் வளர்ந்து, 1935இல் 'மேனகா' படத்தில் தோன்றினார். 'ஹரிதாஸ்' போன்ற பக்திப் படங்களிலும் நடித்துச் சம்பாதித்தார்தான், அதை ஒளிப்பானேன்? ஆனால் அவர் செய்த 'கிந்தனார்' காலட்சேபத்தைப் பாருங்கள்.

நந்தனார் கதை உங்களுக்குத் தெரியும். சிதம்பரம் போக ஆண்டையிடம் உத்தரவு கேட்டுக் கெஞ்சி, கடைசியில் நெருப்பில் முழுகினால்தான் கோயிலுக்குள் இடம். அதே பாகவதர் கோலம், அதே பாட்டு மெட்டு. ஆனால் கலைவாணரின் கிந்தனோ ரயிலேறிப் பட்டணம் போய்ப் படிக்கிறான். பள்ளிக்கூட அதிகாரியாகத் திரும்பி வருகிறான்! நந்தனுக்குத் தீ வேண்டியிருந்தது. கிந்தனுக்குச் சிலேட்டுப் பலகை போதுமாயிருந்தது. சிரித்தபடியே இதைச் சொன்னார். எவனுடைய குனிந்த முதுகையும் காட்டிச் சிரிப்பு வாங்கவில்லை. குனிய வைத்த ஏற்பாட்டைக் காட்டி வாங்கினார்.

1944இல் கைதாகி, கொலை வழக்கில் தண்டனை பெற்று, 1947இல் விடுதலையான பிறகும் அவர் இந்தப் போக்கை விடவில்லை. தோழர் அண்ணாதுரை எழுதி 1949இல் வந்த 'நல்லதம்பி'யில் இந்தக் காலட்சேபத்தைப் பார்க்கலாம். 1957இல் 48 வயதிலேயே மறைந்தார்.

அந்தப் படத்தை இன்றிரவு இங்கே காட்டப் போகிறார்கள். கிந்தனார் வரும்போது யார் முதலில் சிரிக்கிறார்கள் என்று நாம் கவனித்துக்கொண்டிருப்போம். அதற்குமுன், அதோ வேப்பமரத்தடியில் நிற்கிற பெரியவர்களே, ஏன் நிற்கிறீர்கள்? முன்னால் வாருங்கள், பாயில் இடமிருக்கிறது.