டேட் தள்ளிப்போடும் மாத்திரை: தீபத்துக்குக் கிளம்பும் முன் கொஞ்சம் பேசலாமா?

(திருவண்ணாமலையில் மகளிர் சுய உதவிக் குழுவினரிடம் பேசியதன் எழுத்து வடிவம்)

கருத்தடை மாத்திரை பத்திப் பேசப் போறேன்னு சொன்னதுமே பின்வரிசையில் ரெண்டு அக்கா எழுந்துட்டாங்க. "எங்களுக்குத்தான் ஆபரேஷன் ஆயிடுச்சே, எங்களுக்கு எதுக்கும்மா இது?"ன்னு கேட்டாங்க. நியாயமான கேள்விதான். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட திருமணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் கருத்தடை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். தினசரி மாத்திரை சாப்பிடுபவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை.

ஆனால் அதே வகை ஹார்மோன் வேறொரு பெயரில் நம் வீட்டுக்குள் வருகிறது: "டேட் தள்ளிப்போடுற மாத்திரை". கல்யாணம், காதுகுத்து, நம்ம ஊரில் பௌர்ணமி கிரிவலம், கார்த்திகை தீபம். கருத்தடை மாத்திரை கேட்கக் கூச்சப்படும் நாம், இதை மட்டும் மெடிக்கலில் தைரியமாகக் கேட்டு வாங்குகிறோம்.

போன தீபத்துக்கு எங்க சித்தி வந்திருந்தாங்க. பையில் பாதி கிழித்த ஒரு மாத்திரை அட்டை. பக்கத்து வீட்டு அக்கா கொடுத்ததாம். சித்திக்கு 44 வயசு, பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுறவங்க. அட்டையைத் திருப்பிப் பார்த்தால், டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து என்று அதிலேயே அச்சாகியிருக்கிறது. சித்திக்கு ஒண்ணும் ஆகலை. ஆனால் அன்னிக்குத்தான் நான் இதைப் பத்திப் படிக்க ஆரம்பிச்சேன்.

அதன் பெயர் நார்எத்திஸ்டிரோன். 1951-இல் மெக்சிகோவில் ஒரு காட்டுக் கிழங்கிலிருந்து எடுத்த பொருளைக் கொண்டு உருவாக்கினார்கள். பிறகு கருத்தடை மாத்திரைகளிலும் சேர்ந்தது. இந்த ஒரே ஹார்மோன் உள்ள கருத்தடை மாத்திரையில் ஒரு நாளைக்கு 0.35 மில்லிகிராம்தான் இருக்கும். மாதவிடாயைத் தள்ளிப்போட வழக்கமாகக் கொடுப்பது 5 மில்லிகிராம் மாத்திரை, நாளைக்கு மூன்று. மொத்தம் 15 மில்லிகிராம், அதாவது நாற்பது மடங்குக்கும் மேல்! இவ்வளவு போகும்போது உடம்பு அதில் ஒரு சிறு பகுதியை ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொள்கிறது. ஈஸ்ட்ரோஜன் ரத்தம் உறையும் தன்மையைக் கூட்டும்.

பயமுறுத்த வரலைங்க. நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பவர் டாக்டரிடம் கேட்டுச் சில நாள் சாப்பிட்டால், பெரும்பாலும் தலைவலி, குமட்டல், மார்பு கனப்பது, எரிச்சல் இவ்வளவோடு முடிந்துவிடும். ஆனால் முன்பு ரத்தக்கட்டி, பக்கவாதம், மாரடைப்பு வந்தவர்கள், மார்பகப் புற்றுநோய், கல்லீரல் நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் இதைத் தொடவே கூடாது. பிரஷர், கண்ணில் மின்னல் மாதிரி தெரிந்து வரும் ஒற்றைத் தலைவலி, அதிக எடை, சமீபத்தில் நடந்த ஆபரேஷன், வீட்டில் யாருக்காவது ரத்தக்கட்டி வந்த வரலாறு, இதில் எது இருந்தாலும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லணும்.

நம்ம ஊருக்கென்று ஒரு சிக்கல் இருக்கு. சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ பஸ்ஸில் மணிக்கணக்கில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து வருகிறார்கள். அப்படி அசையாமல் இருந்தாலே காலில் ரத்தம் உறைய வாய்ப்பு கூடும். அப்புறம் 14 கிலோமீட்டர் கிரிவலம். மறுநாள் கால் வலித்தால், "நடந்த வலி, தைலம் தேய்ச்சா சரியாயிடும்"னு விட்டுடுவோம். நடந்த வலி ரெண்டு காலிலும் இருக்கும், ஓய்வெடுத்தால் குறையும். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் சூடாகி, அழுத்தினால் வலித்தால் அது வேறு. மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க. தேய்க்காதீங்க. மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, பார்வை மங்கினாலோ, பேச்சு குழறினாலோ 108-ஐக் கூப்பிடுங்க.

இன்னொன்று: இது கருத்தடை மாத்திரை இல்லை. "ஹார்மோன் மாத்திரைதானே சாப்பிடுறேன்"னு நம்பி இருந்துவிடக் கூடாது. நிறுத்திய இரண்டு மூன்று நாளில் மாதவிடாய் வரணும். வரலைன்னா கர்ப்பப் பரிசோதனை செய்து பாருங்க.

கருத்தடைதான் வேணும் என்றால் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே கிடைக்கும் வழிகள் உண்டு. தினமும் சாப்பிடும் 'மாலா-என்' 28 மாத்திரை கொண்டது. அதில் கடைசி 7 வெறும் இரும்புச்சத்து. குழந்தை பிறந்து ஆறு மாதம் வரை பால் கொடுக்கும் தாய்மார்களுக்கு அது வேண்டாம். 'அந்தாரா' மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி. மாதவிடாய் தாறுமாறாக வரலாம், நின்றும் போகலாம். நிறுத்திய பிறகு கர்ப்பம் தரிக்கச் சில மாதம் ஆகலாம், இதை முன்னாடியே தெரிஞ்சுக்கணும். 'சாயா' என்பது லக்னோவில் நம் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தது. அதில் ஹார்மோனே கிடையாது. முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, பிறகு வாரம் ஒன்று.

தள்ளிப்போடும் மாத்திரையை வழக்கமாக மாதவிடாய் தேதிக்கு மூன்று நாள் முன்பே தொடங்கணும். அதனால் கிளம்புற அன்னிக்கு மெடிக்கலுக்கு ஓடிப் பயனில்லை. பௌர்ணமி மாசாமாசம் வருது, அதுக்கு அடுத்த மாசமே வரலாம். தீபத்துக்குத்தான் வரணும்னா, பத்து நாள் முன்னாடியே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் பிரஷர் பார்த்து, டாக்டரிடம் கேட்டுக்கோங்க. போறதுக்கு முன்னாடி சந்தேகம் இருந்தா 104-க்குப் போன் பண்ணலாம். யாராவது கொடுத்த அட்டை கையில் இருந்தால், அதையும் டாக்டரிடம் காட்டுங்க.