குழப்படியோடு கூடப் போகும் பாட்டு

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில், எமது கல்லூரியின் ஆரம்பப் பிரிவில் படித்துப் பின்னர் அங்கேயே படிப்பித்த பழைய மாணவிகள் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



இந்த மேடையில் எதைப் பற்றிப் பேசுவது என்று நாங்கள் கூடிக் கதைத்தபோது, எங்களில் ஒருவர், "பாலர் வகுப்புச் சத்தத்தைப் பற்றிப் பேசுவம்" என்றார். எல்லோரும் சிரித்தோம். யோசித்துப் பார்த்தால், அதைவிட எங்களுக்கு நன்றாகத் தெரிந்த விடயம் வேறொன்றும் இல்லை. இடைவேளை மணி அடித்து ஓய, நாற்பது பிள்ளைகள் ஒரே வாசலால் உள்ளே ஓடி வரும் சத்தம் அது. நாங்களும் ஒரு காலத்தில் அப்படி ஓடி வந்தவர்கள்தானே.

படிப்பிக்கத் தொடங்கிய புதிதில் அந்தச் சத்தத்தை அடக்க எங்களுக்குத் தெரிந்தது இரண்டே வழிகள். ஒன்று மேசையில் அடிமட்டத்தால் தட்டுவது. மற்றது அவர்களைவிடப் பலமாகக் கத்துவது. ஒரு கார்த்திகை மாதம், மழையால் பிள்ளைகளை வெளியே விட முடியாமல் இரண்டு வகுப்புகளையும் ஒரே அறையில் அடைத்து வைத்திருந்தோம். குழப்படி தாங்க முடியவில்லை. வீட்டிலிருந்து கொண்டு வந்த கசெற்றில் நல்ல துள்ளலான பாட்டாகப் பார்த்து, சத்தத்தைக் கூட்டிப் போட்டோம். பாட்டு அவர்களை அமர்த்தவில்லை, இன்னும் ஏற்றிவிட்டது. வாங்கில் ஏறி ஆடிய ஒரு சின்னப்பிள்ளை விழுந்து நாடி வெடித்து, தையல் போட வேண்டி வந்தது. தவறு எங்களுடையது. அந்தத் தாயின் முகத்தை இன்றும் மறக்கவில்லை.

அன்று பின்னேரம் எங்கள் சங்கீத ஆசிரியை எங்களைக் கூப்பிட்டார். ஏசவில்லை. "ஓடுற பிள்ளையை மறிச்சால் விழும். நீயும் கொஞ்சத் தூரம் கூட ஓடு. பிறகு மெல்ல நட. அதுவும் நடக்கும்" என்றார். எங்களுக்குக் கிடைத்த ஆசிரியப் பயிற்சிகளில் அதுவே பெரியது.

அவர் காட்டித் தந்த முறை இதுதான். நீலாம்பரி தாலாட்டுக்குரிய இராகம் என்பது நாம் எல்லோரும் அறிந்தது. ஆனால் ஓடி வந்து மூச்சு வாங்கும் பிள்ளைக்கு எடுத்த எடுப்பிலே நீலாம்பரி பாடினால் அது காதில் ஏறாது. முதலில் மோகனத்தில், ஐந்து சுரத்துக்குள் அடங்கும் ஒரு சின்னப் பாட்டை அவர்களுடைய வேகத்திலேயே கை தட்டிப் பாட வேண்டும். இரண்டாம் முறை அதே பாட்டு, தட்டுவது தொடையில். மூன்றாம் முறை வேகத்தைப் பாதியாக்கி, உள்ளங்கையில் ஒரு விரலால். அதன் பிறகு சொல்லை விட்டுவிட்டு, வாயை மூடி வெறும் முனகல். நீலாம்பரிக்கு அப்போதுதான் இடம் வரும். எல்லாம் சேர்த்து ஐந்து நிமிடம் செல்லாது.

இசையைத் தெரிவு செய்யும்போது நாங்கள் கவனித்தவை சில. வேகம் நிமிடத்துக்கு 60 முதல் 80 அடி வரையில் வந்து நிற்க வேண்டும். சுரங்கள் மேலும் கீழும் பாயாமல் அடுத்தடுத்துச் செல்ல வேண்டும். வீணை, புல்லாங்குழல், தம்புராச் சுருதி நல்லவை. மிருதங்கமும் தாளமும் விளையாட்டு நேரத்துக்கு இருக்கட்டும். தெரிந்த சொற்கள் உள்ள பாட்டென்றால் பிள்ளைகள் போட்டிக்குக் கத்துவார்கள். முனகலில் கத்துவதற்கு ஒன்றுமில்லை. சத்தம், காது கொடுத்தால் மட்டும் கேட்கும் அளவில் இருக்க வேண்டும். நாளுக்கொரு புதுப் பாட்டும் வேண்டாம். ஒரே பாட்டை ஒரே நேரத்தில் பாடி வந்தால், சில கிழமைகளில் அதன் முதல் வரியே பிள்ளைகளுக்குப் பாயை விரித்தது போல் ஆகிவிடும். தண்டனையாக மட்டும் ஒருபோதும் பாடக் கூடாது.

1995 ஒக்ரோபர் 30 அன்று யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறியோர் இந்த மண்டபத்தில் பலர் இருக்கிறீர்கள். தென்மராட்சியில் ஒரு பாடசாலையின் பின்னேர நேரத்தைக் கேட்டு வாங்கி, மரத்தின் கீழும் வகுப்பு நடத்தினோம். மின்சாரம் இல்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட காலம் அது. கசெற்றுக்கு எங்கே போவது? எங்களிடம் மிஞ்சியது தொண்டை மட்டும்.

அந்தப் பிள்ளைகளின் குழப்படி வேறு விதமானது. மேலே ஏதாவது இரைந்தால் ஓடுவார்கள். இரைச்சல் நின்ற பிறகும் ஓடிக்கொண்டிருப்பார்கள். நாங்கள் பழைய முறைப்படி கூடத் தட்டி, மெல்ல இறக்கி, ஒரு தாலாட்டில் கொண்டு வந்து நிறுத்தினோம். எல்லோரும் அமர்ந்தார்கள். ஒரு பிள்ளை மட்டும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு விம்மியது. அந்தத் தாலாட்டு அதன் அம்மா பாடியது என்று பிறகுதான் அறிந்தோம். அம்மா இல்லை.

ஒரு பிள்ளையை அமர்த்தும் பாட்டு இன்னொரு பிள்ளையைக் கீறும் என்று எந்த இராக இலட்சணத்திலும் நாங்கள் படிக்கவில்லை. அதன் பிறகு பாடுவதற்கு முன் முகங்களைப் பார்க்கப் பழகினோம். "உங்கட வீட்டில என்ன பாடுறவை?" என்று ஒவ்வொரு பிள்ளையையும் கேட்டோம். ஒன்று தேவாரம் என்றது, ஒன்று மாதாவின் பாட்டு என்றது, ஒன்று அப்பப்பா கிணற்றடியில் பாடும் பாட்டு என்றது. காதைப் பொத்திய பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. அதற்காகச் சொல்லில்லாத முனகலையே வைத்துக்கொண்டோம். மாசி மாதமளவில் அதுவும் எங்களோடு சேர்ந்து முனகியது. 1996இல் திரும்பி வந்து எங்கள் வகுப்பறைகளைக் கூட்டித் துடைத்தபோது, அந்த முனகல்தான் முதலில் உள்ளே வந்தது.

இன்று உங்களில் பலர் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறீர்கள். "மொசார்ட் போட்டால் பிள்ளை அமரும், மூளையும் வளருமாமே?" என்று கேட்கிறீர்கள். அந்தக் கதை 1993இல் 'நேச்சர்' சஞ்சிகையில் வந்த ஓர் ஆய்விலிருந்து கிளம்பியது. அது பல்கலைக்கழக மாணவர்களை வைத்துச் செய்தது, குழந்தைகளை வைத்து அல்ல. கண்ட பலனும் கால் மணித்தியாலத்துக்கு மேல் நிற்கவில்லை. மொசார்ட் நல்ல இசை, கேளுங்கள். ஆனால் கெட்டித்தனத்துக்கு மருந்தாக வாங்க வேண்டாம். கைத்தொலைபேசியில் யூரியூப் பாட்டுப் போட்டுக் கொடுத்தால் பிள்ளை அசையாமல் இருக்கும், உண்மைதான். அதைப் பறித்தவுடன் எழும் சத்தத்தையும் நீங்கள் அறிவீர்கள். பாட்டு வேண்டுமென்றால் படத்தை மறைத்துவிட்டு, நீங்களும் பக்கத்தில் இருந்து கூடப் பாடுங்கள். சுருதி பிசகினால் பரவாயில்லை. அம்மம்மாவின் சுருதி பிசகென்று எந்தப் பேரப்பிள்ளையும் முறைப்பாடு செய்ததில்லை.

எங்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. உங்கள் தாயும் பேர்த்தியும் பாடிய தாலாட்டை, நினைவிருக்கும் அளவில், உங்கள் சொந்தக் குரலில் பதிந்து சங்கத்துக்கு அனுப்புங்கள். ஆரம்பப் பிரிவில் இப்போது படிப்பிக்கும் இளம் ஆசிரியைகளுக்கு அவை உதவும். அங்கே இப்போதும் இடைவேளை முடிய மணி அடிக்கிறது. இப்போதும் நாற்பது பிள்ளைகள் ஒரே வாசலால் ஓடி வருகிறார்கள்.

எங்களைக் கத்தவும் விட்டு, மெல்ல அமரவும் வைத்த எம் கல்லூரி அன்னை நீடு வாழ்க.