உழுகிறவன் பெயர் காகிதத்தில் இல்லை!
(அரியூர் நாட்டு உழைப்பாளி மக்களிடையே ஆற்றிய உரை)

மத்திய சர்க்கார் விவசாயிக்கு வருஷம் 6,000 ரூபாய் கொடுக்கிறது. நான்கு மாதத்துக்கு ஒரு தடவை 2,000 வீதம் பாங்கிக் கணக்கில் விழுகிறது. 2019 பிப்ரவரியில் தொடங்கிய இந்தத் திட்டத்துக்கு 'பிரதம மந்திரி கிசான் சம்மான் நிதி' என்று பெயர். சம்மான் என்றால் கௌரவம். கணக்குப் பார்ப்போம்: நாளொன்றுக்கு 16 ரூபாய் 44 காசு. ஒரு குடும்பம் முழுவதற்கும் இதுதான் கௌரவம்! 2025 பட்ஜெட்டிலும் அதே 6,000தான். விலைவாசி அப்படி நின்றதா?

பணம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அது பிச்சையல்ல, சோப்புக்கும் துணிக்கும் நாம் கட்டிய வரி. ஆனால் அது யாருக்குக் கிடைக்கவில்லை என்று கேட்கிறோம்.

நிலம் தன் பெயரில் இருந்தால்தான் பணம் என்பது நிபந்தனை. குத்தகைக்கும் வாரத்துக்கும் உழுகிறவருக்கு இல்லை. களை பறிக்கும் கூலிப் பெண்ணுக்கு இல்லை. இந்தக் கொல்லிமலையில் சாமையும் கேழ்வரகும் விளைவிக்கிறோம். மரவள்ளிக் கிழங்கு தோண்டி ஜவ்வரிசி ஆலைகளுக்கு இறக்குகிறோம். பட்டா மட்டும் செத்துப்போன பாட்டன் பெயரில் கிடந்தால், உழுகிற பேரன் சர்க்கார் கணக்கில் விவசாயியே அல்ல!

2011 ஜனத்தொகைக் கணக்குப்படி நாட்டில் சாகுபடியாளர்கள் 11.88 கோடி, விவசாயத் தொழிலாளர்கள் 14.43 கோடி. பெரும்பகுதி வாசலுக்கு வெளியே நிற்கிறது. சர்க்காரின் 2007ம் ஆண்டு தேசிய விவசாயிகள் கொள்கையோ குத்தகைதாரரும் விவசாயத் தொழிலாளரும் விவசாயிகளே என்கிறது. கொள்கையில் விவசாயி, பட்டுவாடாவில் அந்நியனா?

நடந்ததைப் பாருங்கள். 2020ல் தமிழ்நாட்டில் தகுதியற்றவர்கள் பெயரில் 110 கோடி ரூபாய் போனது அம்பலமானது. தரகர்கள் கமிஷன் அடித்தார்கள். உழுகிறவனுக்கு அடைத்த கதவு தரகனுக்குத் திறந்தது!

பணமில்லை என்பார்கள். 2019 செப்டம்பரில் கம்பெனி வரியை 30 சதவீதத்திலிருந்து 22 ஆகக் குறைத்தார்கள். வருஷத்துக்கு 1.45 லட்சம் கோடி இழப்பு என்று அவர்களே சொன்னார்கள். அதே ஆண்டு இந்தத் திட்டத்துக்கு ஒதுக்கியது 75,000 கோடி. முதலாளிக்குக் கொடுத்ததில் ஏறக்குறைய பாதி!

ஆலைத் தோழர்களே! இது மலைக்காரன் பிரச்னை என்று இருந்துவிடாதீர்கள். நிலத்தில் வாழ வழியில்லாதவன் உங்கள் ஆலை வாசலில்தான் வந்து நிற்பான். அவன் வறுமையைக் காட்டி உங்கள் கூலியைக் குறைப்பார்கள். பட்டா உள்ளவனையும் இல்லாதவனையும் மோதவிடுவதற்கும் இடம் கொடோம்.

செய்ய முடியாத காரியமல்ல. ஒடிசாவின் 'காலியா' திட்டம் நிலமற்ற விவசாயக் குடும்பங்களையும் சேர்த்தது. 2024 டிசம்பரில் பார்லிமெண்ட் நிலைக்குழுவே தொகையை 12,000 ஆக்கவும், குத்தகைதாரருக்கும் தொழிலாளருக்கும் கொடுக்கவும் சிபாரிசு செய்தது.

ஆகவே நாம் கோருவது:

1. தொகையை 12,000 ஆக உயர்த்து!

2. குத்தகைதாரருக்கும் விவசாயத் தொழிலாளருக்கும் கொடு!

3. ஊருக்கே வந்து பட்டாவை வாரிசுகள் பெயருக்கு மாற்றிக் கொடு!

கோரிக்கையோடு நிற்கவேண்டாம். 2019 பிப்ரவரி 1 என்ற கெடு, வாரிசாக வந்த நிலத்துக்குத் தடையல்ல. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பழைய பட்டா மூன்றையும் வீடுவீடாகச் சேகரிப்போம். தனித்தனியே போனால் அலைக்கழிப்பார்கள். அரியூர் நாடே திரண்டு செம்மேட்டுக்குப் போவோம். சேர்ந்து போகிறவனைத் திருப்பி அனுப்புவது எளிதல்ல!

உழுகிறவனே விவசாயி! உழைப்பாளர் ஒற்றுமை ஓங்குக!